பன்னிரண்டு ஓக்ருக், ஒரு பொதுமக்கள்

அமெரிக்காவின் எடிசன் நகரில், ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு டவுன்ஹவுஸ் வரிசையின் ஏழாம் எண் வீட்டில் வாஞ்சிநாதன் குடியிருந்தார் என்று அமெரிக்க அரசாங்கம் நம்பியது. மின்சாரக் கம்பெனி நம்பியது. தபால்காரர் தினமும் நம்பினார். ரேரிட்டன் ஆற்றங்கரைத் தமிழ் மன்றம் மட்டும் நம்பவில்லை. மன்றத்தின் பதிவேட்டின்படி அவர் எங்குமே குடியிருக்கவில்லை.

இதில் யாருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மன்றத்தில் எல்லாரும் நல்லவர்கள். பக்கத்து வீட்டில் சாவு என்றால் சாம்பார் வைத்துக் கொண்டுவந்து தருகிறவர்கள். அப்படிப்பட்ட நல்லவர்கள் ஒன்றுகூடி ஒரு நிர்வாகத்தைக் கட்டினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

எல்லாம் வடையில் ஆரம்பித்தது. பொங்கல் விழாவில் தொண்ணூறாவது ஆளோடு வடை தீர்ந்துவிட்டது. வரிசையில் தொண்ணூற்றொன்றாவதாகத் தட்டோடு நின்றவர் மன்றத் தலைவர் டாக்டர் மணியன்.

டாக்டர் மணியன் கிழக்கு பிரன்ஸ்விக்கில் பெரிய வயிற்று வைத்தியர். சோவியத் யூனியன் உயிரோடு இருக்கும்போது மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்கப் போய், அது இறந்த பிறகு படிப்பை முடித்து வந்தவர். ஆறு வருஷப் படிப்பில் பாதி, எந்த அலுவலகத்தில் எந்த முத்திரை வாங்க வேண்டும் என்று அலைந்ததிலேயே கழிந்தது. அப்படி அலைந்தவர்களில் சிலர் அலுவலகங்களை வெறுப்பார்கள். டாக்டர் மற்ற ரகம். தனக்கு ஒரு முத்திரை கிடைக்காதா என்று முப்பது வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

அன்று வெறும் தட்டோடு மேடை ஏறினார்.

"அன்பார்ந்த தமிழ்ச் சொந்தங்களே! வடை தீர்ந்துபோறது தப்பில்ல. எனக்கு வடை முக்கியமும் இல்ல. ஆனா, தீர்ந்துச்சே, இதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா பதில் சொல்ல இங்க ஒருத்தர் இல்ல! மாஸ்கோல ஒண்ணேகால் கோடி ஜனம். பன்னண்டு ஓக்ருக்காப் பிரிச்சு வெச்சிருக்கான். ஓக்ருக்குன்னா நிர்வாக வட்டம். வட்டத்துக்கு ஒரு ப்ரிஃபெக்ட். வட்டத்துக்குள்ள ராயோன், அதாவது பேட்டை. பேட்டைக்கு ஒரு தலைவர். தொண்ணூத்தொண்ணாம் வருஷம் குளிர்காலத்துல எங்க ஹாஸ்டல்ல ஹீட்டர் நின்னுபோச்சு. யார் பொறுப்புன்னு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சேன்! அவர் பேரு, ரூம் நம்பரு, அவர் மேலதிகாரி யாரு, எல்லாம் சுவர்லயே எழுதியிருந்துச்சு!"

"ஹீட்டர் வந்துச்சா டாக்டர்?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஏப்ரல்ல வந்துச்சு. அது வேற விஷயம்," என்றார் டாக்டர். பலத்த கைதட்டல்.

அடுத்த பொதுக்குழுவில் மன்றம் பன்னிரண்டு ஓக்ருக்குகளாகப் பிரிக்கப்பட்டது. டாக்டரின் வீடு இருந்ததால் கிழக்கு பிரன்ஸ்விக் மத்திய ஓக்ருக் ஆனது. அதைச் சுற்றி வடக்கு, வடகிழக்கு, தென்மேற்கு என்று பெயர்கள் வைத்தார்கள். மாஸ்கோவுக்கு ஸெலினோகிராட் என்று ஓர் ஓக்ருக் உண்டாம். ஊரோடு ஒட்டாமல் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தனியாகக் கிடந்தாலும் அதுவும் மாஸ்கோதானாம். நமக்கும் அப்படி ஒன்று இல்லாவிட்டால் எப்படி? நாலு குடும்பங்கள் வேலை மாறி கலிஃபோர்னியாவில் மில்பிடாஸுக்குப் போயிருந்தன. மன்றத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேற மறந்திருந்தன. மூவாயிரம் மைல் தள்ளி மில்பிடாஸ் பன்னிரண்டாவது ஓக்ருக்காக அறிவிக்கப்பட்டது.

ப்ரிஃபெக்டுகளை அறிவித்தபோது மற்றவர்கள் முகம் தொங்கிப்போனது. தொங்கிய முகங்களை டாக்டரால் பார்க்க முடியாது. எனவே ஐம்பத்து மூன்று ராயோன்கள் உருவாயின. ராயோனுக்கு நாலு குடும்பம்: தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பார்வையாளர். எல்லார் கழுத்திலும் படத்தோடு அட்டை தொங்கியது. சித்திரை விழாவில் எழுபதாவது ஆளோடு வடை தீர்ந்தது. ஆனால் இந்த முறை பொறுப்பான எட்டுப் பேரின் பெயரையும் மைக்கில் வாசித்தார்கள். எல்லாரும் பசியோடும் திருப்தியோடும் வீட்டுக்குப் போனார்கள்.

வாஞ்சிநாதனுக்கு இதெல்லாம் தமாஷாகத்தான் இருந்தது, அபயாம்பாளை வகுப்பு வாசலில் நிறுத்தும்வரை.

அபயாம்பாள் அவர் மனைவி. திருச்சியில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் ஆறு பேருக்கு மேலதிகாரியாக இருந்தவள். இங்கே வந்து ஒன்பது வருஷம். அவளுடைய விசா புருஷன் விசாவைப் பிடித்துத் தொங்கும் விசா. அதை வைத்துக்கொண்டு மூச்சு விடலாம், வேலைக்குப் போகக் கூடாது. வேலை அனுமதிக்குப் போட்ட விண்ணப்பம் எந்த ஊரிலோ எந்த அலமாரியிலோ கிடந்தது. க்ரீன் கார்டு வரிசையில் இவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வரிசையின் முன்பக்கம் தெரியவே தெரியாது. வாரத்தில் ஆறு நாள் அவள் வீட்டுக்குள்தான். ஏழாவது நாள், சனிக்கிழமை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மன்றம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்த அறைகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலை வகுப்பு எடுத்தாள். பதினொரு பிள்ளைகள். சம்பளம் கிடையாது. அவள் வெள்ளிக்கிழமையே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள். வீட்டில் அவள் மாளவிகாவின் அம்மா. குடியுரிமை அலுவலகத்தில் அவள் ஒரு சார்ந்திருப்பவர். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அவள் அபயா மிஸ்.

சித்திரை விழா முடிந்த வாரம் வகுப்பு வாசலில் க்ரிஷ் நின்றுகொண்டிருந்தார். க்ரிஷ் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். இப்போது வடக்கு ஓக்ருக்கின் ப்ரிஃபெக்ட். கழுத்தில் அட்டை.

"அபயா, தப்பா எடுத்துக்காதீங்க. புது ரூல். ஸ்கூல் இருக்கறது நார்தர்ன் ஓக்ருக். டீச்சரும் நார்தர்ன்ல குடியிருக்கணும். வசிப்பிடச் சான்று மட்டும் குடுத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"என்ன க்ரிஷ், ஆறு வருஷமா நான் இங்கதான எடுக்கறேன்? உங்க ஷ்ரேயஸ் என் க்ளாஸ்தான?"

"அய்யோ, ஷ்ரேயஸோட அப்பாவா உங்கள எனக்கு நல்லாத் தெரியும். ப்ரிஃபெக்டா தெரியாது."

அவள் திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்து புடவையின் பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, "அஞ்சு நிமிஷ வேலையாம், வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள்.

வாஞ்சிநாதனின் உத்தியோகம் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது. தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்று இருபது வருஷமாக நம்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ரிஷையும், பக்கத்து வடகிழக்கு ஓக்ருக்கின் ப்ரிஃபெக்டான பல் டாக்டர் கண்மணியையும் வீட்டுக்கு அழைத்தார். இருவரும் அளவு நாடா, பெரிதாக்கிய வரைபடம், ஒரு கால்குலேட்டர் சகிதம் வந்தார்கள். புல்தரையில் மண்டியிட்டு அளந்தார்கள். காபி குடித்தார்கள். மறுபடி அளந்தார்கள்.

கடைசியில் உண்மை தெரிந்தது. ஓக்ருக் எல்லைகளை டாக்டர் மணியன் சுவர் வரைபடத்தில் தன் கையாலேயே தடித்த கறுப்பு மார்க்கரால் வரைந்திருந்தார். வடக்கையும் வடகிழக்கையும் பிரிக்கும் கோட்டின் தடிமன் தரையில் இருநூற்றுப் பத்து அடி. ஏழாம் எண் வீடு முழுசாக அதற்குள் இருந்தது. இரண்டு பக்கமும் இருந்த படேல் குடும்பங்களும் அதற்குள்தான் இருந்தன. ஆனால் அவர்கள் மன்றத்தில் இல்லாததால் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார் வாஞ்சிநாதன்.

"பக்கமே இல்லண்ணா," என்றாள் கண்மணி வருத்தத்தோடு. "நீங்க கோட்டுக்குள்ள இருக்கீங்க."

"கோட்டுக்குள்ள எப்படிம்மா குடியிருக்க முடியும்?"

"அதத்தான் நாங்களும் கேக்கறோம்," என்றார் க்ரிஷ். "கோடுன்னா எல்லை. அதுல யாரும் குடியிருக்கக் கூடாது. நீங்க இந்த வீட்ட எப்ப வாங்கினீங்க?"

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல."

"மன்றத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்."

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பதின்மூன்று வயது மாளவிகா, "வெயிட், வீ லிவ் இன்சைட் எ மார்க்கர்?" என்று கேட்டுவிட்டுத் தோழிகளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினாள்.

"மெல்லிசா ஒரு பேனாவால அந்தக் கோட்ட மறுபடி போட்டா என்ன?" என்று கேட்டார் வாஞ்சிநாதன்.

இரண்டு ப்ரிஃபெக்டுகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் நிஜமான அதிர்ச்சி தெரிந்தது. "பொதுக்குழுவுல பாஸான கோடு வாஞ்சி," என்றார் க்ரிஷ், சிறுபிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

இதற்கிடையில் அபயாவின் வகுப்பை க்ரிஷே தற்காலிகமாக எடுத்தார். பிள்ளைகள் கலர் பென்சிலால் பன்னிரண்டு ஓக்ருக்குகளுக்கும் வர்ணம் தீட்டினார்கள். தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராயோன் ஐம்பத்து மூன்றையும் மூன்றே வாரத்தில் ஒப்பித்தார்கள். இது புதிய நிர்வாகத்தின் சாதனையாக மன்றத்தின் மடலில் வந்தது.

வாஞ்சிநாதன் ராஜினாமா செய்ய முடிவு செய்தார். மன்றத்தை விட்டு விலகி, பொது நூலகத்தில் ஓர் அறை எடுத்து அபயாவைத் தனியாக வகுப்பு எடுக்கச் சொல்லலாம் என்பது திட்டம். பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிப் பார்த்தார். ஒவ்வொருவரும், அபயா மிஸ் போல வராது என்றார்கள். ஒவ்வொருவரும், ஆனால் நான் ராயோன் செயலாளர், நான் ராயோன் பார்வையாளர், மன்றத்துக்கு வெளியே பிள்ளையை அனுப்பினால் நன்றாக இருக்காது என்றார்கள். ராஜினாமாக் கடிதமும் திரும்பி வந்தது. விலக விரும்புகிறவர் வசிக்கும் ஓக்ருக்கிலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று இணைக்கப்படவில்லை என்று அதில் முத்திரை குத்தியிருந்தது. டாக்டருக்குக் கடைசியில் முத்திரை கிடைத்துவிட்டது.

கிழக்கு பிரன்ஸ்விக்கில் டாக்டர் வீட்டு பேஸ்மென்ட்தான் தலைமையகம். வாஞ்சிநாதன் போனபோது டாக்டர் சுவர் வரைபடத்தின் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க லெட்டரப் பாத்து எனக்குத் தூக்கம் போச்சு வாஞ்சி. எப்படி மனசு வந்துச்சு? கணக்குப் பாருங்க. மொத்தம் இருநூத்திப் பதினாலு குடும்பம். ஐம்பத்து மூணு ராயோன், நாலு நாலு பேரு, ப்ரிஃபெக்டுங்களும் அதுக்குள்ளதான், இருநூத்திப் பன்னண்டு. என்னோட சேத்து இருநூத்திப் பதிமூணு. இருநூத்திப் பதிமூணு பேரும் பொறுப்புல இருக்கோம், ராத்திரி பகல் பாக்காம சேவை செய்யறோம். யாருக்கு?"

"யாருக்கு டாக்டர்?"

"உங்களுக்கு! நீங்க ஒருத்தர்தான் பொதுமக்கள். நீங்க போயிட்டா நாங்கல்லாம் யாரு? கழுத்துல அட்டய மாட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கணும். கொஞ்சம் பொதுநலத்தோட யோசிங்க."

"அப்ப எனக்கும் ஒரு பதவி குடுத்துடுங்களேன். பார்வையாளர் போதும்."

"ஓக்ருக் இல்லாதவருக்குப் பதவி எப்படிங்க?"

"சரி, ஓக்ருக் குடுங்க."

"குடுத்தா பதவி குடுக்கணுமே! அப்புறம் பொதுமக்களுக்கு நான் எங்க போவேன்?" டாக்டரின் கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை. "என் வாழ்க்கையில நான் பாத்த எந்த ஆபீஸ்லயும் வெளியில நிக்கறவன்தான் முக்கியம். நானே நின்னிருக்கேன். அந்த வலி எனக்குத் தெரியும். அந்த இடத்த உங்களுக்குத் தர்றேன்."

அன்றிலிருந்து வாஞ்சிநாதனுக்கு ஓய்வு இல்லை. பன்னிரண்டு ஓக்ருக்குகளும் மக்கள் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பின. ஞாயிறுதோறும் மக்கள் குறைகேட்கும் நாள் நடந்தது. மேடையில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கும். மங்கள இசை முடிந்ததும் மக்கள் வருக என்று அழைப்பார்கள். வாஞ்சிநாதன் போய் உட்காருவார். குறை என்ன என்று கேட்பார்கள். என் மனைவிக்கு வகுப்பைத் திருப்பித் தர வேண்டும் என்பார். குறித்துக்கொண்டோம் என்று இருபது பேரும் குறித்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறு வேறு ஓக்ருக், வேறு இருபது பேர், அதே நாற்காலி.

மே மாசக் கடைசியில் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஊரோடு ஒட்டாத நிலத்தையெல்லாம் ஸெலினோகிராடில் சேர்ப்பதுதானே முறை? கோட்டுக்குள் இருக்கும் வீடும் எதோடும் ஒட்டாத நிலம்தானே? ஏழாம் எண் வீடு மில்பிடாஸ் ஓக்ருக்கில் சேர்க்கப்பட்டது. ஞாயிறு மதியம் ஸூமில் வரவேற்புக் கூட்டம் நடந்தது. மில்பிடாஸ் ப்ரிஃபெக்ட் ஞானேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். பனியனோடு திரையில் வந்தார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. நீங்கள் வந்தது பெரிய சந்தோசம். இஞ்ச நாங்கள் நாலு குடும்பம், நாலும் அதிகாரி. ஒருத்தரை ஒருத்தர் நிர்வகிச்சுக் களைச்சுப்போனம்."

"அபயா க்ளாஸ் எடுக்கலாமா அங்கிள்?" என்று கேட்டார் வாஞ்சிநாதன்.

"தாராளமா எடுக்கலாம். சான்று இப்பவே எழுதித் தாறன். ஆனா எங்கட ஓக்ருக்குக்குள்ளதான் எடுக்கலாம். இஞ்ச பிள்ளையள் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் காலேஜுக்குப் போட்டினம்." கொஞ்சம் யோசித்தார். "வேணுமெண்டால் நான் வந்து இருக்கிறன். எனக்குத் தமிழ் தெரியும், பரவாயில்லையோ?"

அபயா அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். ஆனால் மில்பிடாஸ்காரர்கள் பசிஃபிக் நேரப்படி நடக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வீட்டுக் கடிகாரங்களை மூன்று மணி நேரம் பின்னால் வைத்தார்கள். மாளவிகாவுக்கு இரண்டு நாள் பள்ளிப் பேருந்து தப்பியது. எட்டாம் நாள் மற்ற பதினொரு ப்ரிஃபெக்டுகளும் சேர்ந்து கண்டனத் தீர்மானம் போட்டார்கள்: எல்லாருக்கும் பொதுவான ஒரே பொதுமக்களை ஓர் ஓக்ருக் மட்டும் வைத்துக்கொள்வது அநீதி. வாஞ்சிநாதன் குடும்பம் திரும்பக் கோட்டுக்குள் வைக்கப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அபயா பழக்கதோஷத்தில் புடவையை எடுத்து இஸ்திரிப் பலகையில் விரித்தாள். பாதி தேய்த்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

"இந்த ஊர் கவர்மென்ட் என்ன வேல செய்ய விடல. சரி, அவங்க யாரோ, எனக்கு அவங்களத் தெரியாது. இவங்க எல்லாருக்கும் நான் என் கையால சோறு போட்டிருக்கேங்க," என்றாள். அழுதாள். வாஞ்சிநாதனுக்குக் குறித்துக்கொண்டோம் என்ற சொல்தான் வாயில் வந்தது, நல்லவேளையாக விழுங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஞாயித்துக்கெழம போகாதீங்க," என்றாள்.

"எங்க?"

"அந்த நாற்காலிக்குத்தான். போகாதீங்க. என்ன பண்றாங்கன்னு பாப்போம்."

அந்த ஞாயிறு தென்மேற்கு ஓக்ருக்கின் முறை. மங்கள இசை முடிந்தது. மக்கள் வருக என்றார்கள். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார்கள். இருபது பேரும் வெறும் நாற்காலியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு ராயோன் பார்வையாளர் தாங்க முடியாமல் எழுந்து போய் அதில் உட்காரப் பார்த்தாராம். பதவியை விட்டுவிட்டு உட்காருங்கள் என்று சொன்னதும் பதறி மேடைக்கே ஓடிவிட்டாராம்.

மதியம் மூன்று மணிக்குக் கார்கள் வரத் தொடங்கின. தெரு நிறைந்தது. பதினொரு ஓக்ருக்கின் அதிகாரிகளும் ஏழாம் எண் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் ட்ரைவ்வேயில், வரிசை எண்படி நின்றார்கள். மில்பிடாஸை ஒருவர் கைபேசியில் உயர்த்திப் பிடித்திருந்தார். வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று பக்கத்து வீட்டு படேல் அம்மாள் எட்டிப் பார்த்து விசாரித்தாள். டாக்டர் மணியன் கதவைத் தட்டினார்.

அபயாதான் திறந்தாள்.

"மக்கள் எங்கம்மா?" என்றார் டாக்டர்.

"உள்ள இருக்காரு. டிவி பாக்கறாரு."

"உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்காரு. இனிமே வர மாட்டாரு." அவள் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் வகுப்ப திருப்பிக் குடுங்க டாக்டர். ஞாயித்துக்கெழம நானே இவரக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கறேன்."

ட்ரைவ்வேயில் எல்லாரும் ஒரே நேரத்தில் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். க்ரிஷ்தான் கண்டுபிடித்தார். ஆசிரியர் ஓக்ருக்கில் வசிக்க வேண்டும். ஆனால் தலைவரால் நேரடியாக நியமிக்கப்படும் அதிகாரிக்கு வசிப்பிட விதி பொருந்தாது. டாக்டர் அங்கேயே, கார் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து, ஒரு புதுப் பதவியை எழுதினார்: எல்லைக்கோட்டு வசிப்பிடச் சரிபார்ப்பு அதிகாரி. அதிகார வரம்பு, கோடு. கூடுதல் பொறுப்பு, இரண்டாம் நிலைத் தமிழ் வகுப்பு. பன்னிரண்டு ப்ரிஃபெக்டுகளும் ஒப்புதல் தந்தார்கள், ஞானேஸ்வரன் கைபேசிக்குள்ளிருந்து, "பிள்ளை, வெண்டுட்டீர்!" என்று அபயா ஜெயித்ததைக் கொண்டாடிக் கத்தினார். கண்மணி அழுதுகொண்டே அபயாவைக் கட்டிக்கொண்டாள். பெயரும் பதவியும் எழுதாத அட்டை ஒன்று தயாராகவே இருந்தது. யாருக்காவது எப்போதாவது தேவைப்படும் என்று டாக்டர் அச்சடித்துக் காரில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை வாஞ்சிநாதன் காரைக் கழுவினார். அபயா மயில்கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தாள். அதன் மேல் அட்டை. பள்ளி வாசலில் க்ரிஷ் அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். பின்னாலேயே போன வாஞ்சிநாதனைக் கையை நீட்டி நிறுத்தினார்.

"சாரி வாஞ்சி. க்ளாஸ் நேரத்துல பொதுமக்களுக்கு அனுமதி இல்ல. வசிப்பிடச் சான்று இருந்தா..."

வாஞ்சிநாதன் சண்டை போடவில்லை. பார்க்கிங்கில் காருக்குத் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பதினொரு குரலும் சேர்ந்து, "வணக்கம் அபயா மிஸ்!" என்றன. இரண்டு மாச அலைச்சலும் இதற்குத்தான் என்றால் பரவாயில்லை என்று நினைத்தார். வெயில் ஏறியது. இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டே காலுக்கு அவள் ஏறக்குறைய ஓடி வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டதாகவும், ஒரு பெண் கரும்பலகையில் ஆட்டுக்குட்டிப் படத்துக்கு அணில் என்று எழுதிவைத்துவிட்டு அதற்காக வாதாடியதாகவும், அடுத்த வாரம் பாட்டு சொல்லித்தரப் போவதாகவும் மூச்சு விடாமல் சொன்னாள். வாஞ்சிநாதன் காரைக் கிளப்பவில்லை. அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேசி முடித்ததும் அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"கோச்சுக்காதீங்க. க்ரிஷ் குடுத்தாரு. என் ட்யூட்டியாம், வாராவாரம் ரொப்பிக் குடுக்கணுமாம். இது போனாத்தான் அடுத்த சனிக்கெழம என் அட்ட செல்லுமாம்."

"என்ன அது?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் வெரிஃபை பண்ணணும். பன்னண்டு கட்டம் போட்டிருக்கு. ஏதாவது ஒண்ணுல டிக் அடிக்கணும். தப்பா அடிச்சா பொய்ச் சான்றாம், கீழ நான் கையெழுத்துப் போடறேன் பாருங்க."

வாஞ்சிநாதன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி யோசித்தார்.

"உன்கூட இருக்கேன்னு போட்டுக்கோ அபயா," என்றார்.

அவள் பேனாவைத் திறந்தாள். படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். நிஜமாகவே தேடினாள்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்க," என்றாள்.